மலையடிவாரத்துக்கு வராத நூலகம்

பிளவக்கல் அணைத் தண்ணீர் பாயும் கான்சாபுரம், கூமாபட்டி, வத்திராயிருப்பு வயற்காடுகளில் நடவும் அறுப்பும் நடக்கும் மாதங்களில் பாம்புக்கடியும் கூடவே வரும். கடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்று அடித்த பாம்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துவருகிறவர்கள் உண்டு. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. அதற்கான நஞ்சில் பெரும்பகுதி, சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 1978-இல் தொடங்கிய சங்கம் அது. சரி, பையில் இருப்பது ஐந்தாவது பாம்பாக இருந்தால்?

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சரிவுகளிலும் தோட்டங்களிலும் மூக்கு நுனி மேடேறிய ஒரு சிறு குழிவிரியன் வாழ்கிறது. அவசரப் பார்வைக்குச் சுருட்டைவிரியன் என்றே தோன்றும். கடித்தால் இரத்தம் உறையாமல் போகலாம், சிறுநீரகம் பழுதாகலாம். நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து அதற்குக் கேட்பதில்லை. கேரளத்தில் இதைச் சுருட்டை என்று தவறாக எண்ணி மருந்து ஏற்றிய நிகழ்வுகளை அங்குள்ள மருத்துவர்கள் 2007-இல் லண்டனின் அரச வெப்பமண்டல மருத்துவச் சங்க இதழில் எழுதினார்கள். மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததை மலைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் முழுதாகப் படிக்க, லண்டன் இதழுக்குச் சந்தா வேண்டும்.

இலங்கையில் பாம்புக்கடிகளில் பெரும்பங்கு இந்தக் குழிவிரியனுடையது. அந்நாட்டு மருத்துவர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய சிலோன் மெடிக்கல் ஜர்னலை இணையத்தில் காசு கொடுக்காமல் படிக்கலாம். ஆக, ஒரு வாசல் பூட்டியிருக்கிறது. பக்கத்து வாசல் திறந்திருக்கிறது. ஆனால் இரவுப்பணியில் இருக்கும் மருத்துவரிடம், இந்தக் கேள்விக்கு லண்டனை விட்டுவிட்டுக் கொழும்பைப் பாருங்கள் என்று சொல்ல ஆள் இல்லை. மருத்துவ நூலகர் என்ற வேலையின் சாரம் அதுதான்.

மருத்துவப் பல்கலைக்கழக நூலகங்களைப் பற்றி நம் ஊரில் பேச்சு வந்தால் கட்டடத்தின் பரப்பு, நாற்காலிகளின் எண்ணிக்கை, புத்தகக் கணக்கு என்றுதான் வரும். ஆய்வுக்கு வரும் குழு எண்ணிப் பார்ப்பதும் இவற்றைத்தான். நூலகத்தின் சேவை யாருக்கு, அது எந்த நாளோடு முடிகிறது என்று யாரும் எண்ணுவதில்லை. என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி அது.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, 1988-இல் இயங்கத் தொடங்கியது. மருத்துவம், பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், செவிலியம், மருந்தியல், பிசியோதெரபி என்று மாநிலத்தின் நலவாழ்வுக் கல்வியில் பெரும்பகுதி அதன் குடையின்கீழ் இருக்கிறது. பல்கலைக்கழகமும் அதன் நூலகமும் சென்னை கிண்டியில். கான்சாபுரத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல். இந்தப் பகுதிக்கு அருகில் நெடுங்காலம் இருந்தவை மதுரை, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிகள். பிறகு தேனி வந்தது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோது இவ்வூர்கள் அடங்கிய விருதுநகர் மாவட்டத்துக்கும் 150 இடங்களோடு ஒன்று கிடைத்தது. மாவட்டத்துக்குள்ளேயே ஒரு மருத்துவ நூலகம் வந்ததும் அப்போதுதான்.

அந்த நூலகம் யாருக்குப் பயன்படும் என்பதில் ஒரு பகுதிக்கு விடை எளிது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்த பிறகு, வத்திராயிருப்பு போன்ற ஊர்களின் பிள்ளைகளும் வெள்ளைக் கோட்டு போடும் வழி பிறந்தது. உடற்கூறியலுக்கும் உடலியங்கியலுக்கும் உயிர்வேதியியலுக்கும் முதல் வருடம் வாங்க வேண்டிய புத்தகங்களின் விலையைக் கூட்டினால், நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு தாயின் பல மாதக் கூலியைத் தாண்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான புத்தக வங்கித் திட்டம் 1970-களின் கடைசியிலேயே தொடங்கியது இந்தக் கணக்கு தெரிந்துதான். வசதியுள்ள மாணவர் ஒரு செயலிக்குச் சந்தா கட்டிவிட்டு நூலகத்தை ஏ.சி. போட்ட படிப்பறையாகப் பயன்படுத்துகிறார். வசதியில்லாதவருக்கு அங்கே அடுக்கியிருக்கும் பழைய பதிப்புதான் பாடப்புத்தகம். பாடநூலில் பழைய பதிப்பு என்பது, மருத்துவத்தில், சில பக்கங்களில் தவறான பதிப்பு என்றும் பொருள்படும். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வகுக்கும் எல்லைகள் மாறும், காசநோய்க்கு மாத்திரை கொடுக்கும் முறை மாறும். மருத்துவ நூலகத்தில் ஒரு புத்தகத்தை எப்போது அலமாரியிலிருந்து எடுத்துவிடுவது என்பதும் வாங்குவதற்கு இணையான முடிவு. கழித்தால் தணிக்கைக்காரர் கேட்கும் கேள்விக்கு அஞ்சுகிற நம் நூலகங்கள் அதைச் செய்வதில்லை.

புதியதை வாசகருக்கு அறிவிப்பது மருத்துவ நூலகத்தின் மிகப் பழைய சேவை. அமெரிக்க ராணுவத் தலைமை மருத்துவரின் அலுவலகத்தில் 1836-இல் ஓர் அலமாரியாகத் தொடங்கியதை ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற ராணுவ மருத்துவர் உலகின் பெரிய மருத்துவ நூலகமாக்கினார். 1879-இல் அவர் தொடங்கிய இண்டெக்ஸ் மெடிக்கஸ், உலகில் அந்த மாதம் வந்த மருத்துவக் கட்டுரைகளைப் பொருள்வாரியாகப் பட்டியலிட்டது. 1960-களில் அந்தப் பட்டியல் கணினிக்குள் போனது, 1971-இல் மெட்லைன் ஆனது, 1997-இல் பப்மெட் என்ற பெயரில் உலகத்துக்கே இலவசமானது. அச்சுப் பட்டியல் 2004-இல் நின்றது. தடித்த அந்தத் தொகுதிகளைப் புரட்டிக் குறிப்பெடுத்த தலைமுறை இன்னும் பணியில் இருக்கிறது. அவர்களிடம் கேட்டால், ஒன்றைத் தேடும்போது பக்கத்திலிருந்த இன்னொன்று கண்ணில் பட்ட கதையைச் சொல்வார்கள்.

இந்தியாவில் தில்லியின் தேசிய மருத்துவ நூலகம் 1966-இல் அந்தப் பெயரைப் பெற்றது. 2008 வாக்கில் அது தொடங்கிய எர்மெட் கூட்டமைப்பு வழியாக அரசு மருத்துவக் கல்லூரிகள் மின்னிதழ்களைக் கூட்டாகப் பெற்றன. கர்நாடகத்தின் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் அதற்கும் முன்பே, 2003-இல், தன் கல்லூரிகளையெல்லாம் ஹெலிநெட் என்ற கூட்டமைப்பில் சேர்த்தது. தனித்தனியாக வாங்கினால் கட்டுப்படியாகாத விலையைக் கூட்டாகப் பேரம் பேசிக் குறைப்பது என்பதுதான் எல்லாவற்றிலும் ஒரே சூத்திரம்.

அதன் உச்சம், 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம். எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி உள்ளிட்ட 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள், 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும். 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். தலைக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 1,100 ரூபாய்தான். விருதுநகரில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி, தில்லி எய்ம்ஸ் மாணவி படிக்கும் அதே இதழைப் படிக்க முடிகிற நிலை இதற்கு முன் இருந்ததில்லை. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த மாணவி பட்டம் வாங்கி, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணி கிடைத்து, மலையடிவாரத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சந்தா நிறுவனத்துக்கு உரியது, ஆளுக்கு உரியது அல்ல. உயர்கல்வி நிறுவனங்களின் பட்டியலில் ஆரம்ப சுகாதார நிலையம் இல்லை, வட்டார அரசு மருத்துவமனையும் இல்லை. பாடம் படித்தபோது திறந்திருந்த 13,000 இதழ்களும் நோயாளி எதிரில் உட்காரும்போது மூடிவிடுகின்றன. உயிரோடு ஒரு மனிதரை வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விக்கு, தேர்வுக்காகக் கேட்கும் கேள்விக்கு இருக்கும் வசதிகூட இல்லை. பல பதிப்பக ஒப்பந்தங்களில், நூலகத்துக்கு நேரில் வந்து படிக்கிறவரை அனுமதிக்கும் ஒரு விதி இருக்கும். புறநோயாளிகள் கூட்டத்தை முடித்துவிட்டு விருதுநகருக்குப் பஸ் ஏறி ஒரு கட்டுரை படித்துவிட்டு வர யாருக்கு நேரம் இருக்கிறது? தனியார் மருத்துவமனை மருத்துவர்களுக்கும் முதல் கட்டத்தில் இடமில்லை. இராஜபாளையத்தில் ஏராளமான நோயாளிகளைப் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

பிறகு என்ன நடக்கிறது? எல்லோருக்கும் தெரிந்தது நடக்கிறது. கைபேசியில் ஒரு டெலிகிராம் குழு, அதில் முழுப் புத்தகங்களின் பிடிஎஃப். கட்டுரை வேண்டுமென்றால், பதிப்பகங்களின் பூட்டைத் தாண்டி எடுத்துத் தரும் சை-ஹப் தளம். எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் மூன்றும் 2020 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட, 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை இந்தியாவில் முடக்க ஆணை வந்தது. திருட்டு என்று நெற்றி சுருக்குகிறவர்கள், நேர்வழி யாருக்கு அடைபட்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். குறைந்த வருமான நாடுகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2002-இல் தொடங்கிய ஹினாரி திட்டத்திலும் இந்தியா சேர்க்கப்படவில்லை. நாம் அந்த அளவு ஏழை இல்லையாம், பதிப்பகங்களுக்கு நம் சந்தை பெரிது.

இப்போது இன்னொரு வழியும் வந்துவிட்டது. கேள்வியைத் தட்டினால் நொடியில் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள். எழுதப்படாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் சேர்த்து அவை சொல்வதுண்டு. பதில் எவ்வளவு சரளமாக இருக்கிறதோ அவ்வளவு சரிபார்க்க வேண்டும் என்பது நூலகருக்குத் தெரியும். இரவு இரண்டு மணிக்கு மருத்துவருக்கு அது நினைவில் இருக்குமா என்று தெரியாது.

தேடுவது யாருக்கும் வரும் வேலை என்ற எண்ணத்துக்கு 2001-இல் ஒரு பெரிய விலை கொடுக்கப்பட்டது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றிய ஓர் ஆய்வில், உடல்நலம் உள்ள 24 வயதுப் பெண் ஒருவர் தன்னார்வலராகச் சேர்ந்து ஹெக்சாமெத்தோனியம் என்ற மருந்தை உள்ளிழுத்தார். நுரையீரல் பழுதாகி ஒரு மாதத்துக்குள் இறந்தார். ஆய்வாளர் பப்மெட்டில் தேடியிருந்தார். அப்போது பப்மெட் பெரும்பாலும் 1966-க்குப் பிந்தைய கட்டுரைகளையே காட்டும். அந்த மருந்தால் நுரையீரல் கெடும் என்று எச்சரித்த கட்டுரைகள் 1950-களில் வந்தவை. அச்சுத் தொகுதிகளில் தூங்கிக்கொண்டிருந்தன. கணினியில் இல்லாதது உலகத்தில் இல்லை என்று ஒரு நல்ல ஆய்வாளரே நம்பிவிட்டார். அந்தப் பல்கலைக்கழகத்தில் மனிதர்களைக் கொண்டு நடந்த ஆய்வுகளை அமெரிக்க அரசு சில நாட்கள் நிறுத்திவைத்தது. மருத்துவ நூலகர்கள் தங்கள் வேலை என்ன என்பதை விளக்க வேண்டிய போதெல்லாம் இந்தச் சாவைச் சொல்கிறார்கள்.

நல்ல செய்தியும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் பகுதி மருத்துவமனைகளில் நடந்து 1992-இல் வெளியான ஆய்வில், நூலகர் தேடித் தந்த தகவலால் தங்கள் நோயாளியின் சிகிச்சையில் ஏதோ ஒன்றை மாற்றியதாக ஏறத்தாழ 80 விழுக்காடு மருத்துவர்கள் சொன்னார்கள். அவர்களே சொன்னதுதான், யாரும் பக்கத்தில் நின்று அளக்கவில்லை. ஆனாலும் பாதிக்குப் பாதி தள்ளினாலும் மீதி சிறியதல்ல. கெர்ட்ரூட் லாம் என்ற நூலகர் 1971-இல் கன்சாஸ் சிட்டியில் இன்னும் ஒரு படி மேலே போனார்: வார்டில் மருத்துவர்கள் சுற்று வரும்போது நூலகரையும் கூட அனுப்பினார். படுக்கையருகே எழும் கேள்வியைக் குறித்துக்கொண்டு, மறுநாள் கட்டுரையோடு வருவது அவர் வேலை. நம் மருத்துவக் கல்லூரிகளில் காலைச் சுற்றில் பேராசிரியர் பின்னால் நிற்கும் நீண்ட வரிசையில் நூலகர் ஒருவரை நான் கற்பனை செய்து பார்க்கிறேன். முதல் கேள்வி, இவர் யார், பேஷண்ட் அட்டெண்டரா என்பதாக இருக்கும்.

இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவையில், மருத்துவர் முதல் செவிலியர், சிகிச்சையாளர் வரை எல்லாப் பணியாளருக்கும் வீட்டிலிருந்தே இதழ்களைத் திறக்கும் கணக்கு கொடுக்கிறார்கள். 1,250 பணியாளருக்கு ஒரு தகுதிபெற்ற நூலகர் என்று 2020-இல் ஒரு விகிதத்தையே கொள்கையாக வகுத்தார்கள். அமெரிக்கா 1965-இல் மருத்துவ நூலக உதவிச் சட்டம் கொண்டுவந்து, பெரிய நூலகங்கள் தங்கள் வட்டாரத்து மருத்துவர்களுக்கும் பொறுப்பு என்றது. நாம் 1948-இலேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. சட்டமும் விதியும் நம்மிடம் பொது வாசகருக்கு வந்து சேர்ந்தன. மருத்துவ நூலகம் மட்டும் கல்லூரி மதிற்சுவருக்குள் நின்றுவிட்டது.

இன்னொன்று மொழி. நூலகத்தின் வாசகர் மருத்துவர் மட்டும்தானா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் பெண்களும், கிராம சுகாதாரச் செவிலியரும் நாள்தோறும் நோயாளியின் கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். அவர்களுக்குத் தமிழில் நம்பகமான, தேதி போட்ட, திருத்தப்படும் குறிப்புகள் தேவை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார்; மகப்பேறு, அறுவை, உடற்கூறு என்று பெரிய ஆங்கில நூல்களைத் தம் மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கினார். ‘இரண வைத்தியம்’ 1867-இலும் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872-இலும் அச்சேறின. நம் மருத்துவ நூலகங்களில் தமிழ் அலமாரி எங்கே இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் பொது அறிவுப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் கை காட்டுவார்கள். தமிழ்நாடு பாடநூல் கழகம் அண்மைக்காலத்தில் மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்கும் பணியைக் கையில் எடுத்தது நல்லது. ஆனால் பாடநூல் மாணவருக்கானது. செவிலியருக்கு வேண்டியது ஒரு பக்கக் குறிப்பு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்தி.

சித்த மருத்துவத்தைச் சொல்லாமல் இந்தப் பகுதியைப் பற்றி எழுத முடியாது. கான்சாபுரத்துக்கு அருகில்தான் தாணிப்பாறை. அங்கிருந்து சதுரகிரி ஏற்றம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மலையேறிவிட்டு இறங்குகிறவர்கள் மூலிகைப் பொடியோடு ஊர் திரும்புவது வழக்கம். அந்தப் பொடியைச் சர்க்கரை மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமா என்று நோயாளி கேட்டால் அலோபதி மருத்துவர் வேண்டாம் என்பார். பதில் தெரிந்து சொல்வதல்ல, தெரியாததால் சொல்வது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் விருதுநகர் மருத்துவக் கல்லூரியும் ஒரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. இரண்டு நூலகங்களையும் ஒரே கேள்விக்காகத் திறந்து பார்க்கும் நூலகர் ஒருவர் கிண்டியில் இருந்தால் அந்தப் பதிலின் தரமே வேறாக இருக்கும்.

எல்லாம் பணம் கேட்கும் வேலை அல்ல. பப்மெட் சென்ட்ரல், 1913 முதல் வரும் இந்திய மருத்துவ ஆய்விதழ், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019 முதல் நோய்வாரியாக ஒற்றைத் தாளில் வெளியிடும் சிகிச்சை நெறிமுறைகள் என்று திறந்து கிடப்பவையே ஏராளம். சென்னையில் 1904-இல் யு. ராமராவ் தொடங்கி, பின்னாளில் மதுரைக்கு வந்த ‘ஆன்டிசெப்டிக்’ போன்ற நம்மூர் இதழ்களில் நம்மூர் நோய்கள் பதிவாகியிருக்கின்றன. குறைவது, இவற்றிலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஆள். பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு தொலைபேசி எண், ஒரு வாட்ஸப் எண், சுழற்சியில் சில நூலகர்கள், கேட்ட கேள்வியும் கொடுத்த பதிலும் அடுத்தவருக்குப் பயன்படும்படி ஒரு பதிவு. தொடங்க இதற்கு மேல் வேண்டாம். மருத்துவர்கள் ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. ஓட்டல் அரங்கில் மருந்து நிறுவனத்தின் சாப்பாட்டோடு கழியும் அந்த மணி நேரங்களில் சிலவற்றை, நூலகரிடம் கேள்வி கேட்டு விடையைப் படித்தவருக்குக் கணக்கு வைக்கலாம். அதைச் செய்யும் அதிகாரம் கிண்டிக்கும் மருத்துவக் கவுன்சிலுக்கும் இடையில்தான் இருக்கிறது.

சந்தா விஷயத்தில் ஒரு தேதி கண்முன் இருக்கிறது. ஒரே நாடு ஒரே சந்தாவின் முதல் கட்டம் 2027-இல் முடிகிறது. பதிப்பகங்களோடு மறுபடி உட்காரும்போது, பட்டியலில் யார் யார் என்பதும் பேரத்துக்கு வரும். தமிழ்நாட்டில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மருத்துவர்கள் என்றாலும் 1.8 கோடிப் பேர் கொண்ட பட்டியலில் அது கூட்டல் பிழை அளவுகூட வராது. அவர்களைச் சேர்க்கக் கேட்க வேண்டியது மாநிலச் சுகாதாரத் துறை. கேட்கச் சொல்ல வேண்டியது மருத்துவப் பல்கலைக்கழகம். அதற்கான கோப்பு 2026-க்குள் கிண்டியிலிருந்து கிளம்பினால்தான் காலத்தில் தில்லி போய்ச் சேரும்.